மூச்சுக்கு ஐந்து எண்ணி: வன்கூவரில் ஐந்து நாட்கள்

நாள் 1, ஓகஸ்ட் 27, புதன்

விமானம் ரொறன்ரோவில் பிந்தித்தான் வெளிக்கிட்டது, வன்கூவரில் இறங்கும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. விமான நிலையத்தில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் வாட்டர்ஃப்ரன்ட் நிலையம். மலையும் கடலும் பார்க்க வந்த கூட்டத்தோடு சேர்ந்து நானும் இறங்கினேன். அவர்கள் கடல் பக்கம் திரும்பினார்கள், நான் கிழக்கே ஹேஸ்டிங்ஸ் தெருவுக்குத் திரும்பினேன்.

ஏன் வந்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டவர்களுக்கெல்லாம் விடுமுறை என்றுதான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். என் தோழியின் தம்பி இரண்டு வருடத்துக்கு முன் இறந்துபோனான். வயது 26. நிலக்கீழ் அறையில், கதவைப் பூட்டிக்கொண்டு, வீட்டில் எல்லோரும் இருக்கும்போது. மாரடைப்பு என்றார்கள், நாங்களும் ஒன்றும் கேட்காமல் தலையாட்டினோம். அது ஃபென்டனில், ஹெரோயினைவிடக் கடுமையான போதைமருந்து, என்று அவள் என்னிடம் வாய்திறக்க எட்டு மாதம் எடுத்தது. அவள் சொன்னதில் ஒன்று என்னை விட்டுப் போகவே இல்லை. அன்றிரவு அவளுடைய அம்மா அந்தக் கதவடியில் நின்று காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். உள்ளே குறட்டைச் சத்தம். பிள்ளை நல்ல நித்திரை என்று நினைத்து, எழுப்பக்கூடாதென்று மெல்லப் படியேறிப் போயிருக்கிறார்.

நான் மருந்தகத்தில் வேலை செய்கிறவள். ஓவர்டோஸ் ஆகி மூச்சு நின்றவரைத் திரும்ப மூச்சு விட வைக்கிற நலோக்சோன் கிட் எங்களிடம் இலவசமாகவே கிடைக்கும். வேண்டுமா என்று கேட்டால் "எங்கள் வீட்டில் அப்படி ஒருத்தரும் இல்லை" என்று பலர் கையை இழுத்துக்கொள்வார்கள், நானும் பேசாமல் விட்டுவிடுவேன். அந்தக் குறட்டை தொண்டை அடைபட்டு மூச்சுத் திணறுகிற சத்தம் என்று அந்த அம்மாவுக்கு யாராவது முன்னமே சொல்லியிருக்க வேண்டும். எத்தனையோ தரம் அவர் மருந்து வாங்க வந்து நின்றது என் முன்னால்தான்.

சரி, தெருவுக்கு வருகிறேன். ஹேஸ்டிங்ஸும் மெயினும் சந்திக்கிற மூலையில் 1903இல் கட்டிய பழைய நூலகக் கட்டடம் இருக்கிறது, இப்போது அது கார்னகி சமூக மையம். அங்கிருந்து கொஞ்சத் தூரம் மேற்கே நடந்தால் 139ஆம் இலக்கம், இன்சைட். வட அமெரிக்காவில் சட்டப்படி திறந்த முதல் கண்காணிப்பு ஊசி நிலையம், 2003 செப்டெம்பரில் இருந்து நடக்கிறது. உள்ளே கண்ணாடி வைத்த 13 இருக்கைகள். கொண்டுவந்த போதைமருந்தை அங்கே இருந்து போட்டுக்கொள்ளலாம், சுத்தமான ஊசி கொடுப்பார்கள், மூச்சு நின்றால் தாதி பக்கத்திலேயே இருக்கிறார். இத்தனை வருடத்தில் அங்கே ஓவர்டோஸ் ஆகியவர்கள் ஆயிரக்கணக்கில், இறந்தவர் ஒருவரும் இல்லை. மேல்மாடியில் போதையை விட விரும்புகிறவர்கள் தங்குகிற அறைகளும் உண்டு. 'இவர்கள் விட உதவாமல் பாவிக்க உதவுகிறார்கள்' என்று சொல்பவர்கள் அந்த மாடிப்படியைப் பற்றிப் பேசுவதே இல்லை.

உள்ளே விடச் சொல்லி நான் கேட்கவில்லை. வேடிக்கை பார்க்கிற இடமா அது? எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று, கதவு திறந்து மூடுவதை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தேன். மழைக் கோட்டும் முதுகுப் பையுமாக ஒருவர் உள்ளே போனார். இருபது நிமிடத்தில் வெளியே வந்து, வானத்தைப் பார்த்துவிட்டு, பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தார்.

நாள் 2, ஓகஸ்ட் 28, வியாழன்

முன்பு என்னோடு வேலை செய்த ஒரு பார்மசிஸ்ட் இப்போது இங்கே இருக்கிறார். அவர் அறிமுகப்படுத்திய ஒரு அம்மாவோடுதான் இன்று முழுக்கச் சுற்றினேன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இருபது வருடம் ஹெரோயின் பாவித்தவர், இப்போது இந்தச் சந்துகளில் கிட் கொடுத்து, பயிற்சி சொல்லித் திரிகிறார். இப்படித் தாங்களும் அதே அனுபவம் உள்ளவர்களை இங்கே 'பியர்' (சகா) பணியாளர்கள் என்கிறார்கள். தெருவில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. நாம் கிட்டப்போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆட்கள் இவரைக் கண்டதும் "நேற்று எங்கே போனாய்?" என்று கோபிக்கிறார்கள்.

காலையில் எனக்கே பயிற்சி. கறுப்புப் பைக்குள் மூன்று சின்னக் கண்ணாடிக் குப்பி, மூன்று ஊசி, கையுறை, வாயில் வைத்து ஊதுகிற ஒரு முகமூடி. நான் வேலை செய்கிற இடத்தில் கொடுப்பது மூக்கில் அடிக்கிற ஸ்பிரே, இங்கே தசையில் போடுகிற ஊசி. மருந்து ஒன்றுதான். ஓபியாய்டு, அதாவது ஹெரோயின், ஃபென்டனில் வகை மருந்து, மூளையில் போய் ஒட்டிக்கொண்டு மூச்சு விடச் சொல்லும் கட்டளையை அமர்த்திவிடும், நலோக்சோன் அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். ஓபியாய்டு இல்லாத ஆளுக்குத் தவறிப் போட்டாலும் கெடுதல் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அவர் முதலில் எடுத்துக் காட்டியது ஊசியை அல்ல, முகமூடியை. "ஊசியைத் தேடி ஓடாதே. முதலில் மூச்சு. ஐந்து செக்கனுக்கு ஒன்று. ஐந்து வரை எண்ணு, ஊது." பொம்மையின் நாடியை உயர்த்திப் பிடித்து என்னைப் பத்து நிமிடம் ஊத வைத்தார், கை வலித்தபிறகும் விடவில்லை.

பின்னேரம் மூன்று மணிபோல, ஒரு சந்துக்குள் நடந்துகொண்டிருந்தோம். நான்தான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன். குப்பைத் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குறட்டை. ஆழமாக, தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி, ஒன்று வந்தபிறகு அடுத்ததுக்கு நெடுநேரம். யாரோ படுத்திருக்கிறார் என்றுதான் என் காதும் நினைத்தது. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தது. இந்த அம்மா அதற்குள் ஓடிவிட்டார்.

முப்பது வயதுக்குள் ஒரு பையன், வேலைச் சப்பாத்துப் போட்டிருந்தான், சுவரில் சாய்ந்து தலை நெஞ்சில் தொங்கியது, அப்படித் தொங்கினாலே தொண்டை மடிந்து அடைபட்டுவிடும். உதடு சாம்பல் நிறம், நகம் நீலம். பெயர் கேட்டுக் கத்தினார், தோளுக்கு மேல் தசையைக் கிள்ளினார், அசைவில்லை. படுக்க வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, ஊதத் தொடங்கினார். என்னைப் பார்த்து "911" என்றார், நான் கூப்பிட்டேன். பிறகு "குப்பி" என்றார். பிளாஸ்டிக் மூடியை வைத்துக் கழுத்தை உடைத்தேன், ஊசியில் ஏற்றினேன், துடையில், ஜீன்ஸுக்கு மேலாலேயே, நேராகக் குத்தி அழுத்தினேன். கடைசிவரை அழுத்தியதும் ஊசி டக்கென்று தானாகவே உள்ளே இழுத்துக்கொண்டது. அந்த 'டக்' இன்னும் என் விரலில் இருக்கிறது.

பிறகு காத்திருப்பு. மூன்று நிமிடம் என்று வாயால் சொல்ல இலகு. அவர் ஊதுகிறார், நான் எண்ணுகிறேன், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, நெஞ்சு உயர்கிறது, இறங்குகிறது, திரும்ப ஒன்று. இரண்டாவது குப்பியும் போட்டோம். உதட்டில் நிறம் ஓரத்திலிருந்து வந்தது. தானாக ஒரு மூச்சு, நீளமாக. இன்னொன்று. ஆனால் கண் திறக்கவில்லை. நான் மூன்றாவதை எடுக்க, அந்த அம்மா கையைப் பிடித்துவிட்டார். இப்போதெல்லாம் ஃபென்டனிலோடு மயக்க மருந்துகளையும் கலக்கிறார்களாம், பென்சோ ஒன்று, மிருகங்களுக்குப் போடுகிற மெடெட்டோமிடின் இன்னொன்று. நலோக்சோன் அவற்றை ஒன்றும் செய்யாது. மூச்சு ஒழுங்காக வந்துவிட்டதா, அதுதான் கணக்கு. எழுப்ப வேண்டுமென்று மருந்தை ஏற்றிக்கொண்டே போனால் ஆள் வாந்தியும் நடுக்கமுமாக வதைபடுவான், அந்த வதையைத் தீர்க்க உடனே திரும்பப் பாவிக்கத் தேடுவான். பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்தோம். அம்புலன்ஸ் வந்து ஒக்சிசன் கொடுத்து ஏற்றிக்கொண்டு போனது.

இந்தச் சந்துகளில்தான், 2016 செப்டெம்பரில், சிலர் அனுமதி எதுவும் கேட்காமல், பாவிக்கிறவர்களைப் பக்கத்தில் இருந்து கண்காணிக்க ஒரு கூடாரத்தை அடித்து மேசை நாற்காலி போட்டார்கள். அந்த வருடம் ஏப்ரல் 14 அன்று பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் ஓவர்டோஸ் சாவுகளுக்காகப் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்திருந்தது, ஆனால் புதிதாக நிலையம் திறக்கக் காகிதம் நகரவில்லை. இவர்கள் பொலிஸ் வந்தால் வரட்டும் என்று இறங்கிவிட்டார்கள். டிசம்பரில் அப்போதைய மாகாணச் சுகாதார அமைச்சர் டெரி லேக் ஓர் அமைச்சு உத்தரவு போட்டு, மத்திய அரசின் அனுமதிக்குக் காத்திராமலே இப்படியான இடங்களைத் திறக்க வைத்தார். உயிர் போகிற அவசரத்தில் முதலில் கூடாரம் வந்தது, அனுமதி பின்னால் வந்தது. எனக்கு அது சரியாகவே படுகிறது.

நாள் 3, ஓகஸ்ட் 29, வெள்ளி

நேற்று எழுதியதை வாசித்துவிட்டு என் தோழி நடு இரவில் தொலைபேசியில் வந்தாள். ரொறன்ரோவில் அப்போது அதிகாலை மூன்று மணி தாண்டியிருக்கும். "அந்தச் சத்தம் எப்படி இருந்தது, சொல்லு" என்றாள். சொன்னேன். கன நேரம் ஒன்றும் பேசவில்லை. "அம்மா சொன்ன மாதிரியேதான்" என்றாள். நான் எழுதுவதை நிறுத்தட்டுமா என்று கேட்டேன். எழுது என்றாள்.

இன்று பக்கத்து நகரமான சர்ரே. ரயில் ஃப்ரேசர் ஆற்றைத் தாண்டும்போது பாலத்தின் கம்பிகளுக்கு நடுவே தண்ணீர் பழுப்பாகத் தெரிந்தது. இங்கே 2017 ஜூனில் சேஃப்பாயிண்ட் என்ற கண்காணிப்பு நிலையம் திறந்தார்கள். ஆனால் நான் யோசித்துக்கொண்டிருந்தது நேற்றைய பையனின் வேலைச் சப்பாத்தைப் பற்றி. இந்த மாகாணத்தில் இறக்கிறவர்களில் நாலில் மூன்று பேருக்கு மேல் ஆண்கள், வேலையில் இருந்தவர்களை எடுத்துப் பார்த்தால் கட்டட வேலை, போக்குவரத்து ஆட்கள் நிறைய. முதுகு வலிக்கு, தோள் வலிக்கு எடுக்கத் தொடங்கியது. லீவு எடுத்தால் சம்பளம் இல்லை. தெருவில் இருக்கிறவர்களுக்காவது பக்கத்தில் ஒரு ஆள் இருப்பார். இவர்கள் வேலை முடிந்து வந்து அறைக் கதவைப் பூட்டுகிறார்கள். இறப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு கட்டடங்களுக்கு உள்ளேதான், பாதியளவு சொந்த வீடுகளில். பக்கத்து அறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும்.

தனியாகப் பாவிக்காதே என்பது நல்ல புத்திமதி, ஆனால் வெட்கப்படுகிறவனிடம் அதைச் சொல்லி என்ன பயன்? இதற்காகவே 2020இல் இங்கே ஒரு செயலி கொண்டுவந்தார்கள். பாவிக்கும் முன் அழுத்தினால் கடிகாரம் ஓடும், நேரம் முடிந்தும் ஆள் பதில் தராவிட்டால் அம்புலன்ஸுக்குத் தகவல் போகும். பூட்டிய கதவுக்கு உள்ளே போகக்கூடியது இப்படியான உதவிதான்.

நாள் 4, ஓகஸ்ட் 30, சனி

காலையில் சைனாடவுன். ஒரு கடையில் குடை வாங்கப் போய், கடைக்காரப் பெரியவரோடு முக்கால் மணி நேரம் கதைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். நாற்பது வருடமாகக் கடை நடத்துகிறவர். கண்ணாடி உடைந்தது மூன்று தரம், வாசலில் ஊசி கிடந்தது எத்தனையோ தரம். கோபம் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். அவருடைய கேள்வி இதுதான்: "இந்த நிலையங்கள் இவ்வளவு நல்ல விஷயம் என்றால் ஏன் எல்லாவற்றையும் எங்கள் தெருவிலேயே வைக்கிறார்கள்? பணக்காரர் இருக்கிற பக்கம் ஒன்றைத் திறக்கட்டுமே." இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஓரிடத்தில் வைத்தால் கூட்டம் முழுக்க அந்த ஓரிடத்துக்குத்தான் வரும். விமான நிலையம் இருக்கிற ரிச்மண்டில் 2024 பெப்ரவரியில் நகரசபை, ஒரு நிலையம் அமைக்க முடியுமா என்று பார்க்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. ஆட்கள் திரண்டு வந்து எதிர்த்தார்கள், கடைசியில் சுகாதாரத்துறை அது நடக்காது என்று சொல்லிவிட்டது. ஆக, இந்தப் பெரியவரின் தெருவே சுமக்கிறது.

நிலையம் இருந்தால் சாவு குறையுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஓர் ஆய்வு இருக்கிறது, 2011இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இன்சைட் திறந்தபின் அதைச் சுற்றி 500 மீட்டருக்குள் ஓவர்டோஸ் சாவு 35 சதவீதம் குறைந்தது, நகரத்தின் மற்றப் பகுதிகளில் 9 சதவீதம். ஃபென்டனில் வருவதற்கு முந்திய கணக்கு அது. ஆனால் இன்னொன்றும் தெரிகிறது: பயன் சுற்றுவட்டத்துக்குத்தான் போகிறது. ஐந்து கிலோமீட்டர் பஸ் பிடித்து யாரும் வரமாட்டார்கள். கை நடுங்கத் தொடங்கிய ஆளுக்கு ஐந்து கிலோமீட்டர் வேறு நாடு.

பிறகு ஓப்பன்ஹைமர் பூங்காவுக்கு நடந்தேன். 1997இல் இந்தப் புல்தரையில் ஆயிரம் சிலுவைகளை நட்டார்கள், இறந்துபோனவர்களுக்காக. அதில் முன்னின்ற பட் ஓஸ்போர்ன் ஒரு கவிஞர், தானும் ஹெரோயின் பாவித்தவர். அதைத் தொடர்ந்து பாவிக்கிறவர்களே சேர்ந்து வான்டு என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். இன்சைட் வந்தது அரசாங்கத்துக்குத் தானாக இரக்கம் பிறந்ததால் அல்ல, இந்த ஆட்கள் நகரசபைக்குச் சவப்பெட்டியைக் கூடத் தூக்கிக்கொண்டு போனார்கள். திறந்தபிறகும் விட்டார்களா? 2008இல் மத்திய அரசு, போதைப்பொருள் சட்டத்திலிருந்து இன்சைட்டுக்குக் கொடுத்திருந்த விதிவிலக்கை நீடிக்க மறுத்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2011 செப்டெம்பர் 30 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து இன்சைட் திறந்திருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதற்குப் பதிலடியாக 2015இல் ஒரு மத்திய சட்டம் வந்தது, புதிய நிலையம் கேட்பவர்கள் 26 நிபந்தனை நிறைவேற்ற வேண்டும் என்று. 2017இல்தான் அதைச் சுருக்கினார்கள். அந்த இரண்டு வருடமும் ஃபென்டனில் பரவிக்கொண்டே இருந்தது. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

எங்கள் ஒன்ராறியோவில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துக்கும் குழந்தைப் பராமரிப்பு நிலையத்துக்கும் 200 மீட்டருக்குள் இருக்கக்கூடாது என்று 2024 முடிவில் சட்டம் போட்டு, 2025 மார்ச் முடிவோடு பத்து நிலையங்களை மூடச் சொன்னார்கள். சிகிச்சை மையங்கள் திறக்கிறோம் என்கிறார்கள், நல்லது, திறக்கட்டும். ஆனால் கண்காணிப்பும் ஊசி மாற்றிக் கொடுப்பதும் அங்கே கிடையாது. சிகிச்சைக்கு வரிசையில் நிற்கிறவன் அந்த வரிசையில் நிற்கும்வரை உயிரோடு இருக்க வேண்டும். பிள்ளைகளின் பாதுகாப்பைக் கேட்கிற பெற்றோரை நான் குறை சொல்லவே மாட்டேன். மூடினால் அதே ஆள் அதே பள்ளிக்கூடத்துப் பின் சுவரடியில் உட்காருவான் என்பதை மட்டும் அவர்களோடு இருந்து கதைக்க ஆசை.

இன்னொரு தடை, வெளியே தெரியாதது. இந்த மாகாணத்தில் 2017 முதலே இறந்தவர்களில் அதிகம் பேர் ஊசி போட்டவர்கள் இல்லை, புகைத்தவர்கள். ஆனால் பெரும்பாலான நிலையங்கள் ஊசிக்காகக் கட்டியவை. புகைக்க விடுவதென்றால் காற்றோட்டக் கருவி வேண்டும், வேலை செய்கிறவர்களின் நுரையீரலையும் பார்க்க வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். அதனால் வெளியே கூடாரத்துக்குள், மழையில். ஆல்பர்ட்டாவின் லெத்பிரிட்ஜில் உள்ளே புகைக்கும் அறையோடு ஒரு நிலையம் இருந்தது, வட அமெரிக்காவிலேயே அதிகம் பேர் வந்துபோன இடம். 2020இல் மாகாணம் பணத்தை நிறுத்தியது, மூடிவிட்டார்கள்.

இன்று எழுதியது நீண்டுவிட்டது. அந்தப் பியர் அம்மா பின்னேரம் ஒரு செய்தி அனுப்பினார், பையன் ஆஸ்பத்திரியில் இருந்து வந்துவிட்டானாம், சப்பாத்து ஒன்றைக் காணவில்லை என்று தேடுகிறானாம்.

நாள் 5, ஓகஸ்ட் 31, ஞாயிறு

இன்று உலக ஓவர்டோஸ் விழிப்புணர்வு நாள். 2001இல் மெல்பேர்னில் சிறிதாகத் தொடங்கியது, இப்போது உலகம் முழுக்க ஊதா நிறத்தோடு நினைவுகூர்கிறார்கள். காலையிலிருந்தே தூறல். நான் போன பூங்காவில் இருநூறு பேர் இருக்கும். மரங்களுக்கு இடையே கயிறு கட்டி, அதில் ஊதாத் துணித் துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். 2016இலிருந்து கனடாவில் ஓபியாய்டு நச்சால் இறந்தவர்கள் 50,000க்கும் மேல். இந்த மாகாணத்தின் பூர்வகுடி மக்கள் 2023இல் மற்றவர்களைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு வீதத்தில் இறந்தார்கள். பறை அடித்துப் பாடியவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாக்கள் படங்களைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்கள். பட்டமளிப்பு உடுப்பில் ஒரு பையன், ஹொக்கி சட்டையில் ஒருவன், நாய்க்குட்டியைத் தூக்கிய ஒரு பெண்பிள்ளை. ஒரு அம்மா சொன்னார், மகனோடு இருந்த நண்பன் 911 அழைக்கப் பயந்து ஓடிவிட்டானாம், அவன் சட்டைப் பையிலும் பொருள் இருந்ததால். கூப்பிடுகிறவரையும் பக்கத்தில் இருப்பவரையும் சொந்தப் பாவனைக்குப் போதைப்பொருள் வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டக்கூடாது என்று 2017 மே மாதத்தில் மத்திய சட்டம் வந்துவிட்டது. இவர் மகன் இறந்தது அதற்குப் பிறகு. "அந்தப் பையனுக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது" என்றார். அவன் மேல் கோபமா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. அவரே சொன்னார், ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் அவன் பூவோடு வீட்டுக்கு வருவானாம்.

பியர் அம்மாவும் வந்திருந்தார், சரியான களைப்பு. அந்த ஒரு வாரத்தில் நான்கு பேருக்கு ஊதியிருக்கிறார், ஒருவர் தப்பவில்லை. இந்த வேலையில் பலருக்கு மணித்தியாலத்துக்கு ஒரு சிறு தொகைதான், நிரந்தரமில்லை, சுகவீன லீவு இல்லை. நிலையங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் கட்டடத்தைப் பற்றியே பேசுகிறார்கள், இந்த அம்மாவின் சம்பளத்தைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

மேசையில் துணித் துண்டும் பேனாவும் வைத்திருந்தார்கள். நான் எடுக்கத் தயங்கினேன், என் வீட்டுச் சாவு இல்லையே. தோழியைக் கூப்பிட்டேன். அம்மாவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாள். மழைக்குள் அரை மணி நேரம் நின்றேன். திரும்ப அழைத்தபோது பேசியது அவளுடைய அம்மா. "என்ன நிறத் துணி, பிள்ளை?" என்று கேட்டார். ஊதா என்றேன். பெயரை முழுதாக எழுதச் சொன்னார், தகப்பன் பெயரும் சேர்த்து, எழுத்துப் பிழை விடாமல்.

தமிழில் எழுதினேன். மழைத் துளி விழுந்து மை கொஞ்சம் பரவியது, ஊதி உலர்த்திவிட்டுக் கட்டினேன். பக்கத்தில் துணி கட்டிக்கொண்டு நின்ற ஒருவர் அது என்ன மொழி என்று கேட்டார்.